வந்ததுக்கு ஒரு அமுக்கு

மருமகள் எதற்கும் முகம் சுளிக்கிற ஆள் இல்லை. சலவைக் கடையில் துணி வாங்கி வைக்கிற வேலை அவளுக்கு. ஊரார் அழுக்கெல்லாம் முதலில் அவள் கையில்தான் வந்து விழும். எந்தச் சட்டையில் இருப்பது எண்ணெய், எந்த விரிப்பில் இருப்பது வாயால் சொல்லக்கூடாதது என்று பிரித்துக் கூடையில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவாள். அதனால்தான், மாமனாரின் குடலில் ஒரு துண்டை வெட்டியெடுக்கப் போகிறார்கள், ஆஸ்பத்திரியில் யார் கூட இருப்பது என்ற பேச்சு வந்தபோது வீடே அவளைத் திரும்பிப் பார்த்தது. "அவளுக்கு அருவருப்புன்னா என்னன்னே தெரியாது" என்றான் அவள் கணவன், ஏதோ மெடல் குத்திவிடுகிற மாதிரி.

அது உண்மையும்தான். ஆபரேஷன் முடிந்த மறுநாள், மாமனாரின் வயிற்றோரத்திலிருந்து சிவப்புத் தண்ணீர் வடிந்து சேரும் பையை அவள் சாதாரணமாகப் பார்த்தாள். மூக்குக் குழாயில் பச்சையாக ஏதோ ஏறி இறங்கியதையும் பார்த்தாள். காய்ந்து வெடித்த உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றிவிட்டாள். சாயங்காலத்துக்குள் தனக்குக் குமட்டப் போகிறது, அதுவும் குளித்துப் பவுடர் பூசிக்கொண்டு வந்த மனிதர்களைப் பார்த்துக் குமட்டப் போகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

அந்த ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே ஒரு நர்ஸ் இருந்தாள். ஆபரேஷன் ஆனவர்களை மட்டும் சுற்றி வந்து, வலி எப்படி என்று கேட்பது அவள் வேலை. எல்லோரும் அவளை வலி நர்ஸ் என்றார்கள். "வலி வருது" என்று யாராவது சொன்னால், வலியா நர்ஸா என்று வாசலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

காலையில் அவள் வந்து, கட்டிலோரம் நின்ற மெஷினிலிருந்து நீண்ட ஒரு கம்பியின் நுனியை மாமனாரின் கையில் வைத்தாள். நுனியில் ஒரு பொத்தான். அதன் கழுத்தில் சிவப்புப் பட்டை. அதில் 'நோயாளி மட்டும்' என்று அச்சடித்திருந்தது.

"அய்யா, இது உங்க பட்டன். வலிக்கும்போது அமுக்குங்க. டிங்குனு சத்தம் வரும், மருந்து கொஞ்சூண்டு ரத்தத்துல போகும். அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு மெஷின் பூட்டிக்கும். என்ன அமுக்கினாலும் குடுக்காது."

"கஞ்சப் பயலோட மெஷினா?" என்றார் மாமனார். தொண்டை கட்டியிருந்தாலும் வாய் கட்டவில்லை.

"கஞ்சம் இல்லய்யா, ஜாக்கிரதை. இன்னொண்ணு. நீங்க மட்டும்தான் அமுக்கணும்." நர்ஸ் மருமகள் பக்கம் திரும்பினாள். "நீங்களும் கூடாதும்மா. இது தூக்கத்தைக் கொண்டுவர்ற மருந்து. தூங்கறவர் பட்டனை அமுக்க மாட்டார். அமுக்கலேன்னா மருந்து நிக்கும், தெளிஞ்சுடுவார். மெஷின்ல இருக்கற பூட்டு சும்மா. நிஜப் பூட்டு இவரோட விரல்தான். தூங்கறவருக்காக இன்னொருத்தர் அமுக்கினா பூட்டை உடைச்ச மாதிரி. மூச்சு விடவே மறந்துடுவார்."

மாமனார் பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆயுசு பூராவும் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். "என் லிஃப்ட்டுல மேனேஜரையே பட்டன் தொட விட்டதில்ல" என்றார்.

"அப்ப இது உங்களுக்குன்னே செஞ்ச மெஷின்" என்று சிரித்துவிட்டுப் போனாள் நர்ஸ்.

முற்பகல் முழுவதும் நன்றாகத்தான் போனது. அவர் பார்த்துப் பார்த்து அமுக்கினார். இரும வேண்டும் என்றால் அதற்கு முன்னால் ஒன்று. புரண்டு படுக்க வேண்டும் என்றால் ஒன்று. மற்ற நேரத்தில் கண்ணைத் திறந்துகொண்டு, எதிர்க் கட்டில்காரர் குறட்டை விடுவதைப் பற்றி மருமகளிடம் கிசுகிசுத்தார். சாயங்காலம் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காக, பரீட்சைக்குப் போகிறவர் மாதிரி மனசைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் நாத்தனார் வந்தாள். முதலில் அழுகை வந்தது. அதன் பின்னால் அவள் வந்தாள். அவள் பின்னால், அவளுடைய பைகளைச் சுமந்துகொண்டு மருமகளின் கணவன் வந்தான்.

"அய்யோ அப்பா! கோழிக்குஞ்சு மாதிரி ஆயிட்டீங்களேப்பா!"

மாமனார் மகளைப் பார்க்கத் தலையைத் தூக்கினார். வயிறு இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார்.

"துடிக்கறாரே! நீ என்ன, சினிமா பாக்கற மாதிரி பாத்துக்கிட்டு நிக்கற?" என்று மருமகளிடம் பாய்ந்தாள் நாத்தனார். "ஏதோ பட்டன் இருக்குன்னானே தம்பி, எங்க அது?"

"அவர் கையிலதான் இருக்கு அண்ணி. மாமா மட்டும்தான் அமுக்கணும்னு நர்ஸ்..."

"எழுதியிருக்கறது எனக்கும் தெரியுது. 'நோயாளி மட்டும்.' அது வெளியாளுக்கு. நான் வெளியாளா? அவர் ரத்தம். அவர் விரல் வேற, என் விரல் வேறயா?"

சொன்ன வாயோடு அவர் கையிலிருந்த பொத்தானைப் பிடுங்கி அமுக்கினாள். டிங். கொஞ்ச நேரத்தில் மாமனாரின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. நாத்தனார், குழந்தைக்கு முதல் வாய் ஊட்டியவள் போல் பூரித்து எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"பாத்தியா? பெத்த பொண்ணு கை பட்டதும் எப்படி அடங்கிடுச்சு."

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். அவனுடைய அக்கா பேசும்போதெல்லாம் அவனுக்கு ஒரு ஜன்னல் கிடைத்துவிடும்.

பார்வை நேரம் ஆரம்பித்ததும் மற்றவர்கள் வந்தார்கள். நாத்தனாரின் மாமியார் வந்தாள். மாடி வீட்டுக்காரி வந்தாள். மாமனாருடன் வேலை பார்த்த காவலாளி, ஓய்வு பெற்ற பிறகும் விறைப்பு மாறாத நடையோடு வந்தார். ஒவ்வொருவருக்கும் நாத்தனார் மெஷினை அறிமுகம் செய்துவைத்தாள், புதிதாகக் கட்டிய வீட்டைச் சுற்றிக் காட்டுகிற மாதிரி. "இதை அமுக்கினா அப்பாவுக்கு வலி போயிடும். வந்ததுக்கு நீங்களும் ஒரு அமுக்கு அமுக்குங்க."

மறுத்தவர் ஒருவர்கூட இல்லை. அதுதான் மருமகளுக்கு முதலில் உறைத்தது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. நிற்பார்கள், நெளிவார்கள், பழத்தை எங்கே வைப்பது என்று தேடுவார்கள். இங்கே செய்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது. கையெட்டும் தூரத்தில், சத்தத்தோடு.

நாத்தனாரின் மாமியார் ஆரஞ்சை உரித்துச் சுளையாகத் தின்றுகொண்டிருந்தவள், சாறு வழிந்த கட்டைவிரலை நக்கிவிட்டு அதே விரலால் அமுக்கினாள். டிங். மாடி வீட்டுக்காரி, "எங்க வீட்டுக்காரர் சார்பா ஒண்ணு, அவரால வர முடியல" என்று மூக்கைத் துடைத்த கையால் அமுக்கினாள். மெஷின் பூட்டிக்கொண்டிருந்ததால் சத்தம் வரவில்லை. "வரலையே! எங்கமேல மட்டும் கோவமா?" என்று சிணுங்கிவிட்டு, சத்தம் வரும்வரை விடாமல் அமுக்கிக்கொண்டே நின்றாள். வந்தது. கைதட்டாத குறை.

பொத்தான் பிசுபிசுத்துப் போயிருந்தது. அதன்மேல் ஆரஞ்சு நார் ஒன்று ஒட்டியிருந்தது. சிவப்புப் பட்டையில் எண்ணெய் விரல் பதிந்து 'மட்டும்' மங்கியிருந்தது. எத்தனையோ பேரின் எத்தனையோ கறைகளைத் தொட்டவளுக்கு அந்தச் சின்னப் பொத்தானைத் தொட மனம் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி வந்து தொண்டையில் நின்றது.

"போதும் அண்ணி. தூங்கிட்டார். தூங்கும்போது அமுக்கக் கூடாது."

"தூக்கத்துலயும் முனகறாரே, காது கேக்கலயா? உங்க அப்பனா இருந்தா இப்படிச் சொல்லுவியா?" நாத்தனார் தன் மாமியார் பக்கம் திரும்பி, காதில் விழும்படியே ரகசியம் பேசினாள். "மாமனார் வலியில கிடந்து துடிக்கணும் இவளுக்கு. அப்பதான் மனசு ஆறும்."

மாமனாரின் விரலில், ரத்தத்தில் காற்று போதுமா என்று பார்க்கிற கிளிப் ஒன்று மாட்டியிருந்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ள அது இடைஞ்சலாக இருக்கிறதென்று நாத்தனார் கழற்றிப் போட்டாள். கிளிப்போடு சேர்ந்த இன்னொரு மெஷின் கத்தியது. காவலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆராய்ந்து, அதன் வாயை மூடும் பொத்தானையும் கண்டுபிடித்துவிட்டார். "அலாரம்னா எங்கிட்டதான் கேக்கணும்" என்றார்.

அந்தச் சத்தத்தில் மாமனார் பாதிக் கண்ணைத் திறந்தார். கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது. எதிரே நின்றவர்களைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"எந்த மாடிங்க?"

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "லிஃப்ட்டுல இருக்காராம்!" என்றாள் மாடி வீட்டுக்காரி.

"மேல மட்டும் கூட்டிக்கிட்டுப் போயிடாதீங்கண்ணே! நான் இன்னும் பேரப்பிள்ளையைப் பாக்கல" என்றார் காவலாளி. மறுபடி சிரிப்பு. சிரித்த வாயோடு தன் பங்குக்கு ஒரு அமுக்கு. டிங். மாமனாரின் இமை, ஷட்டர் இறங்குவது போல் இறங்கியது.

மருமகளின் கணவனும் சிரித்தான். சத்தமில்லாமல், தோள் குலுங்க. அதைப் பார்த்தபோது, இந்தத் தோளில் எத்தனை ராத்திரி தலை வைத்திருக்கிறோம் என்று நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது.

டாக்டர் வந்தபோது கூட்டம் நல்லபிள்ளையாக ஒதுங்கி நின்றது. கிளிப்பை மட்டும் நாத்தனார் அவசரமாக அப்பாவின் விரலில் செருகிவிட்டாள். இளம் டாக்டர், பார்க்க வேண்டிய கட்டில்கள் இன்னும் நிறைய என்பது அவர் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தது. மெஷினின் திரையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"நிறைய அமுக்கியிருக்காரே. பூட்டியிருக்கும்போதுகூட விடாம அமுக்கியிருக்கார். ரொம்ப வலியா இருந்திருக்கு."

"ஆமா டாக்டர், துடிச்சுப் போயிட்டார்" என்றாள் நாத்தனார்.

"இப்பதான் அசந்திருக்கார்போல. சரி, ஒரு அமுக்குக்கு எவ்வளவு போகணுமோ அதைக் கொஞ்சம் கூட்டிடறேன்."

மருமகளுக்குத் தலையில் இடி இறங்கியது. மெஷின் எண்ணி வைத்திருந்தது மாமனாரின் வலியை அல்ல. ஆரஞ்சு தின்றவளுடைய, மூக்கைத் துடைத்தவளுடைய, அலாரத்தை அடக்கியவருடைய பாசத்தை. அந்தப் பாசத்துக்குத்தான் மருந்து கூடப்போகிறது. போகப்போவதோ இவர் ரத்தத்தில்.

"டாக்டர்..." என்று வாயெடுத்தாள்.

கணவனின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. நசுக்கவில்லை, பிடித்தது மட்டும்தான். "அக்கா மானம் போயிடும். டாக்டர் பாத்துப்பார், சும்மா இரு" என்றான் மூச்சுக்குள். நாத்தனாரின் கண் அவள்மேல் நின்றது. 'சொல்லித்தான் பாரேன்' என்றது அந்தக் கண். மாமனாருக்கு மருந்து கொடுக்காதே என்று டாக்டரிடம் சொன்ன மருமகள்! காலத்துக்கும் அந்தப் பேச்சு எல்லா வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும்.

"சொல்லுங்க" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல டாக்டர்."

டாக்டர் திரையில் ஏதோ மாற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாம மட்டும் வரலேன்னா அப்பாவுக்கு இவ்வளவு வலின்னு டாக்டருக்கே தெரிஞ்சிருக்காது." சொல்லிவிட்டு, கிளிப்பை மறுபடி கழற்றி வைத்தாள். புது அளவு எப்படி இருக்கிறதென்று பார்க்க ஒன்று அமுக்கினாள். டிங். கொஞ்ச நேரம் பொறுத்து, "ஊர்லேர்ந்து வர முடியாத சித்தி பேர்ல" என்று இன்னொன்று.

மருமகள் கட்டிலின் மறுபக்கம் போய் நின்றாள். கூட்டம் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்த இடமில்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. மாமனார் குறட்டை விட்டார். இழுத்து, அடைத்துக்கொண்டு, தண்ணீருக்கடியில் யாரோ நாற்காலியை நகர்த்துவது போல ஒரு குறட்டை. பிறகு ஒன்றுமில்லை. அவள் காத்திருந்தாள். அடுத்த குறட்டை வருமென்று தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவளுக்கு மூச்சு முட்டியது. அவருக்கு வரவில்லை.

"மாமா!"

உதடு ஈரச் சாம்பல் நிறத்தில் இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை அவள் உலுக்கிய பக்கமெல்லாம் ஆடியது.

"தூங்கற மனுஷனை ஏண்டி எழுப்பற?" என்றாள் நாத்தனார்.

மருமகள் வாசல் பக்கம் திரும்பினாள். வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்கும்படி, கடையில் திருட்டுப் போனபோதுகூடக் கத்தாத கத்தலாகக் கத்தினாள். "சிஸ்டர்! மூச்சு வரல! மாமாவுக்கு மூச்சு வரல!"

வலி நர்ஸ் ஓடி வந்தாள். இன்னும் இருவர் வந்தார்கள். கூட்டத்தைச் சுவரோரம் தள்ளி, முகத்தில் மூடியை வைத்துக் காற்றை அழுத்தினார்கள். மருந்தை முறிக்கிற ஊசி என்று ஒன்றைப் போட்டார்கள். மாமனாரின் நெஞ்சு ஒரு முறை தூக்கிப் போட்டது. பிறகு தானாக ஏறி இறங்கியது. பிறகு அவர் கண்ணைத் திறந்தார், திறந்ததும் அலறினார்.

முறித்த ஊசி எல்லாவற்றையும் முறித்திருந்தது. வயிற்றை வெட்டித் தைத்த வலி முழுவதும், ஒரு பொட்டுக் குறையாமல், மொத்தமாக அவர்மேல் வந்து விழுந்தது. மிருகம் போல் அலறினார். மாடி வீட்டுக்காரி காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். நாத்தனார், "என்னடி ஊசி போட்டீங்க எங்கப்பாவுக்கு?" என்று கத்திக்கொண்டே, கட்டில் விளிம்பில் தொங்கிய பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள். அவ்வளவுக்குப் பிறகும் நீட்டினாள். நர்ஸ் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"யார் அமுக்கினது?"

காவலாளி தரையில் எதையோ தேடினார்.

"கேக்கறேன்ல? இவ்வளவு தூக்கத்துல இவர் அமுக்கியிருக்க முடியாது. யார் அமுக்கினது?"

"அவரேதான்" என்றாள் நாத்தனார். "வேற யாரு அமுக்குவாங்க? அதான் எழுதியிருக்கே."

நர்ஸ் மருமகளின் கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைத் தேடினான். இந்தப் பக்கம் ஜன்னல் இல்லை. மருமகள் பக்கம் கையைக் காட்டிச் சொன்னான். "நாங்க இப்பதான் வந்தோம் சிஸ்டர். காலையிலேர்ந்து கூட இருக்கறது இவதான்."

மருமகள் கட்டிலடியில் இருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய் வாந்தியெடுத்தாள். அருவருப்புன்னா என்னன்னே தெரியாதவள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"இவங்க எல்லாரும் அமுக்கினாங்க சிஸ்டர். வந்ததுக்கு ஆளுக்கு ஒண்ணு. அண்ணி நிறைய. கிளிப்பைக் கழட்டினாங்க, அலாரத்தை நிறுத்தினாங்க. அதையெல்லாம் மாமாவே அமுக்கினதுன்னு நினைச்சு டாக்டர் மருந்தைக் கூட்டினார். அப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். சொல்லுங்கன்னு கேட்டார். ஒண்ணுமில்லன்னு சொன்னது நான்."

"பாவி! என்னைக் கொலைகாரின்னு சொல்றாளே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் நாத்தனார்.

"நீங்க மட்டும்னு சொல்லல அண்ணி."

நர்ஸ் அவளைப் பார்த்த பார்வையில் பாராட்டு எதுவும் இல்லை. "எல்லாரும் வெளியே போங்க" என்றாள். போனார்கள். பழப் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதன்பிறகு மாமனார் பொறுக்க வேண்டியிருந்தது. பழைய மருந்து உடம்பில் எவ்வளவு மிச்சமிருக்கிறதென்று பார்க்காமல் புதிது கொடுக்க முடியாது என்றார்கள். மெஷினையே எடுத்துவிட்டு நேரத்துக்கு நேரம் தாங்களே ஊசி போடுவதாக டாக்டர் சொன்னார். மாமனார் வேண்டாமென்று தலையை ஆட்டினார். கையை நீட்டி, விரலை மடக்கி மடக்கிக் காட்டினார். பொத்தானைக் குடு என்று.

"இவருக்கு அது வேணுமாம்" என்றாள் வலி நர்ஸ். யோசித்தாள். பொத்தானை மருந்துப் பஞ்சால் அழுந்தத் துடைத்தாள். "தெளிஞ்சதும் பழைய அளவுக்கே வச்சுத் தரோம். ஒருத்தர்தான் உள்ள இருக்கணும். யாரும் தொடாம பாத்துக்கணும், தானும் தொடாம." கடைசி வார்த்தையை மருமகளைப் பார்த்தே சொன்னாள்.

சாயங்கால வெளிச்சம் எதிர்க் கட்டிலின் காலடிவரை வந்திருந்தபோது மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. பொத்தான் மாமனாரின் வலது கையில், மருமகள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் இருந்தது. அவர் உடனே அமுக்கவில்லை. பயந்திருந்தாரோ, அளந்துகொண்டிருந்தாரோ. மூச்சு விடும்போதெல்லாம் முனகினார். பெரிய முனகல் இல்லை. ம்ம், ம்ம் என்று, பூட்டின அறைக்குள் இருந்து வருவது போல.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அமுக்குங்க மாமா என்று ஒருமுறை சொன்னாள். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. ம்ம். ம்ம். அந்தச் சத்தம் பல்லில் கூசியது. காதுக்குள் ஊர்ந்தது. வெளி வராந்தாவில் நாத்தனாரின் அழுகைகூட இதைவிடத் தேவலை என்றிருந்தது. சட்டென்று அவளுக்குத் தெரிந்தது, தன் கட்டைவிரல் அரிக்கிறதென்று. ஒரே ஒரு அமுக்கு. ஒரு டிங். இந்தச் சத்தம் நின்றுவிடும். அவருக்கு எவ்வளவு வலிக்கிறதென்று அந்த நிமிஷம் அவள் நினைக்கவேயில்லை. இதைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். ஆரஞ்சு தின்றவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். மூக்கைத் துடைத்தவளுக்கும். பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஆளாளுக்குத் தங்கள் காதைத்தான் பொத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கறைபட்ட துணியைப் பார்ப்பது போல் தன் கையைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, அவற்றின்மேல் கனமாக உட்கார்ந்தாள்.

முனகல் நின்றது. மாமனார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் தெளிவாக இருந்தது.

"ஏம்மா, உனக்கு எங்கயாவது வலிக்குதா?"

"இல்ல மாமா."

"அப்புறம் ஏன் மூஞ்சிய அப்படி வச்சிருக்க?"

அவர் அவள் முகத்தை, பிறகு அவள் கைகள் இருக்கும் இடத்தைப் பார்த்தார். பிறகு பொத்தானை வலது கையிலிருந்து மெல்லத் தூக்கி, கட்டுப் போட்ட வயிற்றின்மேல் கம்பி இடறாமல் ஏந்தி, வழியில் ஒருமுறை வலிக்காக நின்று, அவளுக்கு எட்டாத இடது பக்கத்துக்குக் கொண்டுபோனார்.